ஹோன் அடக்கி வாசித்த நாள்

மலைநாட்டில் இதுவரை பிறந்த மனிதர்களிலேயே பெரிய தொண்டை எங்கள் ஹோனுடையதுதான். இதில் வாதத்துக்கே இடமில்லை. நாவலப்பிட்டி-கண்டி தனியார் பஸ்ஸில் அவன் கொண்டக்டர். புட்போர்டில் தொங்கிக்கொண்டு, "கண்டி கண்டி கண்டி!" என்று கத்தினான் என்றால், கண்டிக்குப் போக நினைக்காதவர்களும் ஏறிவிடுவார்கள். கம்பளையில் மீன் வாங்க வந்த ஒருவர் அப்படித்தான் மிரண்டுபோய் ஏறி, பேராதனையில் மீனும் கையுமாக இறங்கி அவனைத் திட்டித் தீர்த்தார். பஸ் ஹாரனையே தோற்கடிக்கும் குரல் என்பதால்தான் 'ஹோன்' என்ற பட்டம்; பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்றும் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட தொண்டை சும்மா கிடக்குமா? மஹய்யாவையில் நாங்கள் தொடங்கிய 'எரிமலை' என்ற ரொக் இசைக்குழுவுக்கு அவன்தான் பாடகன். நான் கிட்டார். வங்கியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவநேசன் பேஸ் கிட்டார். கட்டுகஸ்தோட்டையில் டயர் கடை வைத்திருந்த நஸீர் டிரம்ஸ். ஒத்திகை அந்தக் கடையின் பின்னறையில். எங்கள் இசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், நாங்கள் வாசித்து முடித்த பிறகும் வெகு நேரத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் சைகையில்தான் வியாபாரம் செய்வார்.

ஒரு நாள் ஹோன் கையில் ஒரு முழ இரும்புக் கம்பியோடு வந்து நின்றான். பஸ்ஸில் ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தக் கம்பி. எங்கே கழற்றினான் என்று நாங்கள் கேட்கவில்லை.

"மச்சான், இனிமே நான் கத்த மாட்டேன்" என்றான். அதையும் கிசுகிசுப்பாகச் சொன்னான்.

விஷயம் இதுதான். தடிமன் பிடித்து அவன் குரல் கட்டிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் பஸ்ஸில் கிசுகிசுத்திருக்கிறான்.

"பஸ்ஸே அமைதியாயிருச்சுடா! கேக்கணுமேன்னு டிரைவர் கெசட் பாட்டையே நிப்பாட்டிட்டாரு. 'கம்பளை'ன்னு மெதுவா சொல்றேன், அம்புட்டு பேரும் திரும்பிப் பாக்குறாங்க. இத்தன வருசம் கத்தினேன், ஒருத்தன் திரும்பிப் பாத்தானா?"

குரல் திரும்பிய பிறகும் அவன் வேண்டுமென்றே கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். டிரைவர் சோமே மாமா, பையனுக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்து தினமும் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தார்.

இப்போது எங்களுக்கும் ஒரு புதுப் பாட்டு கொண்டுவந்திருந்தான். நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரை உள்ள ஊர்ப் பெயர்கள். மோதிரத்தால் கம்பியில் ஒரு தட்டு, கிசுகிசுப்பாக ஓர் ஊர். பாட்டு அவ்வளவுதான்.

நஸீருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் என்னத்துக்கு ஈக்கிறேன்? டிரம்ஸுக்குத் தூசி தட்டவா?"

"அதேதான் மச்சான்! தூசி தட்டுற மாதிரியே தட்டு!" என்று துள்ளிக் குதித்து, அவன் கையில் விளக்குமாற்று ஈர்க்கில் கட்டு ஒன்றைத் திணித்தான் ஹோன்.

"உவனுக்கு விசர் பிடிச்சிட்டுதடாப்பா" என்றான் சிவநேசன். "கண்டி இசைப் போட்டிக்கு இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. சனம் செருப்பால எறியும்."

"எறியட்டும். மெதுவா எறியச் சொல்லு."

சிவநேசனின் கவலையில் நியாயம் இருந்தது. அவனுக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்திருந்தது. நாங்கள் நால்வரும் ஒன்றாக மேடையேற அந்தப் போட்டியை விட்டால் வேறு நாள் இல்லை. 'ஒரு தடவை வாசித்துப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்' என்று மற்ற மூவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டு வாசித்தோம். பாதியில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன நஸீர், வீட்டுல யாரும் மௌத்தா?" என்று துக்கமாக விசாரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. மூவருக்கும் உடம்பு புல்லரித்திருந்தது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போட்டியன்று கண்டி மண்டபம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் கூரையைப் பெயர்த்துவிட்டுப் போனார்கள். "எரிமலை! எரிமலை!" என்று கூட்டம் கூவியது. திரைக்குப் பின்னால் ஹோன் என் கையைப் பிடித்தான்.

"சத்தம் போட்டாத்தான் நம்மள மதிப்பாங்கன்னு சொல்லித்தான்டா எங்கப்பா வளத்தாரு. பயமாயிருக்கு மச்சான்."

திரை விலகியது. டிங். "நாவலப்பிட்டி…"

"சவுண்ட் இல்ல!" என்று ஒரு குரல். விசில் பறந்தது. வயரில்தான் கோளாறு என்று நினைத்த சவுண்ட்காரர் எல்லா மைக்கையும் முழுசாகத் திருகிவிட்டார். "யா அல்லாஹ், மானத்தக் காப்பாத்து" என்று நஸீர் முணுமுணுத்தது மண்டபம் முழுக்க முழங்கியது. அதுவும் பாட்டுதான் என்று சிலர் கைதட்டினார்கள்.

டிங். "உலப்பனை…"

"இறக்கம்!" என்று பின்வரிசையில் ஒருவன், பஸ்ஸில் இறங்கப்போகிறவன்போலக் கத்தினான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஹோன் அசரவில்லை. பஸ்ஸில் ஆளை இறக்கும் பழக்கத்தில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினான். டிங் டிங். கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஆள் இறங்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தான். ஈர்க்கில் உரசியது. சிவநேசனின் பேஸ் கிட்டாரில் ஒற்றைத் தந்தி அடிவயிற்றில் அதிர்ந்தது. சிரிப்பு வற்றியது.

"கம்பளை…"

"இறக்கம்" என்றது ஒரு பெண் குரல், மிக மெதுவாக. டிங் டிங்.

கெலிஓயாவில் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். பேராதனையில் ஒரு வரிசையே முணுமுணுத்தது. அவன் "கண்டி" என்றபோது மண்டபம் முழுவதும் ஒரே மூச்சில் "இறக்கம்" என்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. முதலில் கைதட்டி அந்த அமைதியைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தலைமை நடுவர் மைக்கைப் பிடித்தார். "சரி தம்பிமார், சவுண்ட் செக் முடிஞ்சுதுதானே? இனிப் பாட்டத் தொடங்குங்க."

"அதுதாங்க பாட்டு!" என்று மண்டபம் வெடித்தது. கதிரைகள் மேல் ஏறி நின்று கத்தினார்கள். எங்கள் வாழ்நாளில் நாங்கள் எழுப்பிய மொத்தச் சத்தமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பரிசு வேறு யாருக்கோ போனது. யாருக்கு என்பதுகூட எனக்கு நினைவில்லை.

டிரம்ஸைக் கட்டுகஸ்தோட்டையில் இறக்க சோமே மாமா வெறும் பஸ்ஸோடு வந்திருந்தார். இருக்கைகள் காலியாகக் கிடந்தும் நாங்கள் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை.

"அடுத்ததா என்ன செய்வம்?" என்றான் சிவநேசன், மறுவாரம் மாற்றலாகிப் போக வேண்டியவன்.

ஹோனின் கண்கள் பளபளத்தன. "அடுத்த பாட்டுல நான் வாயே தொறக்க மாட்டேன் மச்சான். சும்மா வந்து நிப்பேன்."

மகாவலிப் பாலம் தாண்டும்வரை சிரித்தோம். ஆனால் அவன் சும்மா வந்து நின்றிருந்தாலும், நாங்கள் மூன்று பேரும் அவனுக்குப் பின்னால் நின்று வாசித்திருப்போம்.