எளிமையாகச் சொல்லும் முதுநிலைப் பட்டதாரி

எளிமையார் என்றொரு இனம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேதியியலோ விலங்கியலோ ஒழுங்காகப் படித்துப் பட்டமும் வாங்கி, வேலைக்குப் போகிற வயதில், தான் படித்ததெல்லாம் ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்ற கவலை திடீரென்று பிடித்துக்கொள்ள, அறிவியலை மக்களுக்குப் புரியும்படி சொல்வது எப்படி என்பதற்கென்றே இருக்கும் முதுநிலைப் படிப்பில் போய்ச் சேர்ந்துவிடுகிறவர் இவர். ஜனங்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. ஆனாலும் சேர்ந்துவிட்டார்.

சேர்வதற்கு முன்பு அவர் நம்மைப் போன்றவர்தான். மழை வருமா என்று கேட்டால் வரும் என்பார், அல்லது தெரியாது என்பார். சேர்ந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "மழைன்னா என்னன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்று தொடங்குவார். கேட்டவர் மாடியில் துணி காயப் போட்டிருக்கிறார். மேகத்தைப் பஞ்சு மெத்தையாக்கி, மெத்தையைத் தண்ணீரில் நனைத்து, நனைந்த மெத்தையை யார் பிழிவது என்ற கட்டத்துக்கு எளிமையார் வந்து சேர்வதற்குள் துணி நனைந்து முடிந்திருக்கும்.

குற்றம் அவருடையது மட்டும் இல்லை. அந்தப் படிப்பில் அப்படித்தான் பழக்குகிறார்கள். முதல் வாக்கியத்திலேயே ஆளைக் கட்டிப்போட்டுவிட வேண்டும், கடினமான சொல் வாயில் வரக்கூடாது, எதை எடுத்தாலும் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் உவமை வேண்டும், முக்கியமான விஷயத்தைக் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு ஆவலைத் தூண்ட வேண்டும், கேட்கிறவர் திருப்தியடைந்ததும் பட்டென்று நிறுத்திவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல். வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் சொல்கிறவர்கள். கேட்கிறவர் ஒருவரும் கிடையாது. எனவே பேராசிரியர், விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே இருக்கும் பாமரர் ஒருவரைப் பிடித்துச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கைகழுவி விடுகிறார்.

நான் அறிந்த எளிமையாரின் வீட்டில் பாமரராக நியமிக்கப்பட்டவர் அவருடைய அண்ணி. தையற்கடை வைத்திருக்கிறவர். கால் மிதியில் இருக்கும், கை துணியில் இருக்கும், வாயில் குண்டூசி இருக்கும்; எழுந்து ஓடவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. இதைவிடத் தோதான பாமரர் எங்கே கிடைப்பார்?

அண்ணி கெட்டிக்காரி. கொஞ்ச நாளிலேயே நிலவரத்தைப் புரிந்துகொண்டாள். "புரியல தம்பி" என்றால் இரண்டாவது உவமை வருகிறது. "புரிஞ்சுது தம்பி" என்றால், "அப்போ உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார். ஒரு நாள் தற்செயலாக, "உவமை பிரமாதம் தம்பி!" என்றாள். எளிமையார் முகம் மலர்ந்து, புன்னகையோடு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான். அன்று மாலைக்குள் இந்த மருந்து வீடு முழுவதும் பரவிவிட்டது. அம்மா பயன்படுத்தினாள், அண்ணன் பயன்படுத்தினார், அச்சகம் நடத்திவரும் அப்பாகூட, காகிதக் கட்டை எண்ணிக்கொண்டே, "பிரமாதம்டா" என்று சொல்லப் பழகிக்கொண்டார். நாடே தன்னைக் கேட்கத் தயாராகிவிட்டதாக எளிமையார் நம்பினார்.

இந்த நிலையில்தான் அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று குடும்பமே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் எளிமையாரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க படிச்சவரு, வீட்ல நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

பக்குவமாக! அவரிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லலாமா?

எளிமையார் வெளியே வந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா சொன்னாரு? நல்லதா, கெட்டதா?"

"அம்மா, நம்ம உடம்பு ஒரு அடுக்குமாடின்னு வச்சுக்கோங்க" என்றார் எளிமையார். "ஒவ்வொரு செல்லும் ஒரு குடித்தனம். எல்லாக் குடித்தனமும் ஒழுங்கா இருக்குமா? சில பேர் இருக்காங்க, அடாவடி. பக்கத்து வீட்டுச் சுவரை இடிப்பாங்க, மேல் மாடியில புகுந்துடுவாங்க, கடைசியில கட்டடத்தையே சாய்ச்சுடுவாங்க..."

சொல்லிவிட்டு, ஆவலைத் தூண்டுவதற்காக, அவர் கொஞ்சம் நிறுத்தினார். இன்னொரு வகைக் குடித்தனம் உண்டு, அது சாமான்களைக் குவித்துக்கொண்டு தன் வீட்டோடு இருந்துவிடும், அப்பாவின் கழுத்தில் இருப்பது அதுதான் என்பது அடுத்த வாக்கியம்.

அந்த வாக்கியம் வரவேயில்லை. கட்டடம் சாய்ந்ததுமே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதற்கு மேல் மாமியாரைக் கேட்கவிடக் கூடாது என்று நினைத்த அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழகிய வாயால் சொன்னாள்: "உவமை பிரமாதம் தம்பி. போதும்."

கேட்கிறவர் திருப்தியடைந்ததும் நிறுத்திவிட வேண்டும் அல்லவா? எளிமையார் நிறுத்திவிட்டார். நிறைவான மனதோடு விடுதிக்கும் போய்விட்டார்.

அடுத்த முறை அவர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் அப்பாவின் ஸ்கூட்டரைக் காணோம். எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தாயிற்று. அச்சகத்துச் சாவி அண்ணன் இடுப்பில் தொங்கியது. வருஷக்கணக்காக முகத்தில் விழிக்காத சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பாதியாகியிருந்தாள்.

"ஸ்கூட்டர் எங்கப்பா?"

"எனக்கு எதுக்குடா இனிமே?" என்றார் அப்பா. பிறகு, யாரும் கேட்கத் துணியாததைத் தானே கேட்டார். "உண்மையைச் சொல்லு. நான் இருப்பேனா, மாட்டேனா?"

எளிமையாருக்கு உவமை எதுவும் வரவில்லை. பயந்துபோய்ச் சொல்லிவிட்டார்: "இருப்பீங்கப்பா. அது வெறும் கொழுப்புக் கட்டி."

அப்பா அழுதுவிட்டார். எல்லோரையும்விட அதிகமாக அழுதது அண்ணிதான்.

"இதை அங்கேயே சொல்றதுக்கு என்னடா?"

"சொல்ல வந்தேன்ப்பா. அதுக்குள்ள அண்ணி பிரமாதம்னாங்க."

ஸ்கூட்டர் இன்னும் எதிர்வீட்டில்தான் நிற்கிறது. சாகவில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? எளிமையார் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நன்றாக இருக்கிறார். நடந்ததையே ஆய்வேடாக எழுதிக்கொண்டிருக்கிறார். தலைப்பு, 'கேட்போரிடம் காணப்படும் குறைபாடுகள்.'

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அந்தப் படிப்பெல்லாம் படிக்கவில்லையே என்று நிம்மதியாகவும் இருக்கிறீர்கள். இந்த இனத்தில் சேரப் பட்டம் வேண்டும் என்று யார் சொன்னது? நேற்று உங்கள் வீட்டில் ஒருவர், பயந்த முகத்தோடு, ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டார். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது..." என்று ஆரம்பித்தீர்கள். அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.