புகைப் பம்பும் இருபது குதிரையும்

அன்று சாயங்காலம் ஸ்பேனரும் கையுமாகக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோதே முடிவு பண்ணிவிட்டேன். என் கார்வெட் காருக்கும் அந்தப் புகைப் பம்புக்கும் உள்ள உறவை இன்றோடு வெட்டிவிடுவது. ஒரு மனுஷனுக்கு வீட்டில்தான் அதிகாரம் இல்லை, பானெட்டுக்கு அடியிலாவது இருக்க வேண்டாமா?

எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. அதன் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு, பெல்ட்டில் சுற்றிச் சுற்றி, புகை போகிற வழியில் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் இந்தப் பம்பு. எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் அங்கேயே எரிந்து புகை சுத்தமாகுமாம். ஆகட்டும், நல்ல விஷயம்தான். அதற்கு என் எஞ்சின்தானா அகப்பட்டது? சுளையாக இருபது குதிரை சக்தியைத் தின்றுவிட்டு ஏப்பம்கூட விடாது. கலிபோர்னியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இதையே சொல்லி அழுவார்கள்.

அதனால் எங்களுக்குள் ஒரு சம்பிரதாயம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புகை டெஸ்ட். முதல் நாள் பரணிலிருந்து பம்பை இறக்கி, தூசி தட்டி, உற்சவ மூர்த்திக்கு நகை பூட்டுகிற மாதிரி பயபக்தியோடு பூட்டுவோம். டெஸ்ட் பாஸானதும் கழற்றிப் பரணில் போடுவோம். சட்டப்படி குற்றம்தான். ஆனால் எங்கள் விசேலியா ஊரில் இந்தக் குற்றத்துக்கு உள்ளே தள்ளினால் கார் கிளப் கூட்டத்தை ஜெயிலில்தான் நடத்த வேண்டியிருக்கும்.

நேற்றுத்தான் டெஸ்ட் பாஸாகியிருந்தது. முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

"அதைக் கீழ வை, ஹார்லன்."

என் மனைவி ட்ரூடி. எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"பம்பு இந்தத் தடவை அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

"ஐயையோ! ஏன்?"

"நீ வண்டியைக் கிளப்பினா கொடியில காயற துணி எல்லாம் பெட்ரோல் நாத்தம். உன்கூட மாரோ பே கடற்கரைக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாள் தலைக்குக் குளிச்சேன். அப்படியும் போகல."

"அது இருந்தா வண்டி ஓடாதும்மா! நொண்டிக் கழுதை மாதிரி முக்கும்."

"உனக்கு நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?"

"தெரியுமாவா? சீட்ல சாஞ்ச உடனே என் முதுகு சொல்லிடும்."

"உன் முதுகுக்கு அவ்வளவு அறிவா? இத்தனை வருஷமா அதுகிட்டயே பேசியிருக்கலாமே. சரி, பந்தயம் கட்டறியா?"

கட்டினேன். சனிக்கிழமை மூன்று ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பக்கத்து வீட்டு ஆர்லோ ஷெட்டைச் சாத்திக்கொண்டு, பம்பைக் கழற்றவோ மாட்டவோ செய்வான். பானெட்டை ட்ரூடி டேப் போட்டு ஒட்டிவிடுவாள். நான் ஆரஞ்சுத் தோப்பு வரை ஓட்டிப் போய்த் திரும்பி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மூன்றையும் சரியாகச் சொன்னால் பம்பு குப்பைக்கு. அது மட்டுமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அக்கா கிளெண்டா வீட்டு விருந்துக்கு நான் வர வேண்டாம்.

"ஒண்ணு தப்பினாலும் பம்பு வண்டியிலேயே இருக்கும்" என்றாள். "ஞாயித்துக்கிழமை வண்டியை நான்தான் ஓட்டுவேன்."

அந்த ஸ்டீயரிங்கை இருபத்திரண்டு வருஷமாக என்னைத் தவிர ஒரு பிராணி தொட்டதில்லை.

ஆனாலும் என் முதுகின் மேல் எனக்கு அபார நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு முட்டுக் கொடுத்து வைக்கலாமே என்றுதான் வேலிப் பக்கம் போய் ஆர்லோவைக் கூப்பிட்டேன். டிராக்டர் ரிப்பேர் செய்து ரிட்டயரானவன், பரம சாது.

"ஆர்லோ, பம்பு இல்லேன்னா தலையில தொப்பி. இருந்தா வெறுந்தலை. அவ்வளவுதான்."

"ட்ரூடிக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? நீயும் சொல்லப்போறதில்லை, நானும் சொல்லப்போறதில்லை."

"உன் பார்பிக்யூ அடுப்பை இந்தக் கோடை முழுக்க எனக்குத் தருவியா?"

"வெச்சுக்கோப்பா!"

சனிக்கிழமை. ஷெட்டுக்குள் டங் டங் என்று ஒரே சத்தம். ஆர்லோ உழைக்கிறான், பாவம். கதவு திறந்தது. தலையில் தொப்பி!

ஓட்டினேன். ஆஹா, அது வண்டியா? கட்டவிழ்த்துவிட்ட காளை! இருபது குதிரையும் ஒன்றாகக் கனைத்தது என் காதில் விழுந்தது. திரும்பி வந்து, "பம்பு இல்லை!" என்று முழங்கினேன். ட்ரூடி தலையை ஆட்டினாள்.

மறுபடி டங் டங். இந்த முறை வெறுந்தலை. தெருமுனை தாண்டுவதற்குள் வண்டிக்கு மூச்சு வாங்கியது. பம்பின் முனகல்கூடக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது! "இருக்கு. சகிக்கல" என்றேன்.

மூன்றாவது முறை தொப்பி. பறந்தேன். இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன்.

"பம்பு இல்லை! ட்ரூடி, இதெல்லாம் பிறவியிலேயே வரணும். உன் அக்காகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றபடி டேப்பைக் கிழித்தாள். பானெட்டைத் தூக்கினாள்.

பம்பு இருந்தது. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கடைசி ஓட்டத்துக்கு மட்டும் மாட்டியிருப்பான்!"

"போல்ட்டைப் பாரு ஹார்லன்."

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சிவப்பு நகப்பாலிஷ், எஞ்சினோடு சேர்த்துப் பூசியிருந்தது. போல்ட்டைத் திருகியிருந்தால் பாலிஷ் வெடித்திருக்கும்; ஒரு கீறல் இல்லை.

"பந்தயம் கட்டின அன்னிக்கே பூசிட்டேன். அப்புறம் யாரும் தொடல. மூணு ஓட்டமும் பம்போடதான் ஓட்டினே."

"அப்ப அந்த டங் டங்?"

"நான் மேஜையைத் தட்டினேன்ப்பா" என்றான் பரம சாது. அவன் மோவாயில் பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ட்ரூடி கைப்பக்குவம். அடப்பாவி!

"அநியாயம்!" என்று கத்தினேன். "அப்படின்னா ஆர்லோ எதுக்குத் தொப்பியை..."

நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன தொப்பி?" என்று கேட்டாள் ட்ரூடி. தேன் ஒழுகியது குரலில்.

"ஒண்ணுமில்லை. வெயில் ஜாஸ்தியா இருக்கு. தொப்பி போட்டுக்கட்டும், நல்லதுதான்னு சொன்னேன்."

"ரொம்ப அக்கறை உனக்கு."

ஆர்லோ என் பார்பிக்யூ அடுப்பை உருட்டிக்கொண்டு போனான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுகிற சீட்டில் ட்ரூடி. பக்கத்து சீட்டில் நான், மடியில் கிளெண்டாவுக்கு ஒரு தட்டு பீச் பை. ஊர் எல்லை தாண்டினாளோ இல்லையோ, மிதித்தாள் பாருங்கள்! தோப்பு எல்லாம் ஒரே பச்சைக் கோடாகப் போயிற்று.

"மெதுவா! ட்ரூடி, மெதுவா!"

"பம்பு இருந்தா ஓடாதுன்னியே?"

பின்னால் சைரன். தொலைந்தோம் என்று நினைத்தேன். நெட்டையாக ஒரு போலீஸ்காரர் வந்து குனிந்தார்.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா, மேடம்?"

"தெரியல சார். இருபது குதிரை குறையுதுன்னு சொன்னாங்க, அதான் கொஞ்சம் சேர்த்து மிதிச்சேன்."

அவர் பார்வை வண்டி மேலேயே இருந்தது. "எழுபத்தெட்டா? பம்பு இருக்கா?"

"இருக்கே! பாக்கறீங்களா?"

பானெட் திறந்தது. மனிதர் உருகிவிட்டார். "எல்லாம் அப்படியே இருக்கே! எங்க அப்பா இதே மாதிரி ஒரு வண்டியில பம்பைப் பிடுங்கித் தூக்கிப் போட்டார். இதைக் காப்பாத்தி வெச்ச ஆளுக்குக் கோயில் கட்டணும்."

இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் ட்ரூடி அடக்கமாகத் தலை குனிந்து, "ஏதோ, என்னால முடிஞ்சது" என்றாள்.

"இந்தத் தடவை விட்டுடறேன் மேடம். உங்க கையில இந்த வண்டி நல்லா இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "சார் யாரு?"

"பீச் பை கவுந்துடாமப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணுமே" என்றாள் ட்ரூடி.