கை நனைக்காத கதாநாயகன்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஏழைக் கதாநாயகனுக்குப் பசியே எடுக்காது. பணக்கார வீட்டு விருந்தைத் தள்ளிவிட்டு, நாலு வரி வசனம் பேசி, விறுவிறுவென்று வெளியேறிவிடுவான். அப்படி ஒரு படத்தைக் கல்லூரிக்குப் போகும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரே செல்போனில் நானும் கோமதியும் பார்த்தோம். அந்தக் கட்டத்தில் கோமதி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். (என் கைக்குட்டையில்தான்.) எனக்கு அன்றே புத்தி கெட்டுவிட்டது.

கோமதியின் அப்பா தேங்காய் மண்டி முதலாளி. நாங்கள் கன்னிவாடியில் குத்தகை நிலத்தில் கத்தரிக்காய் போடுகிறவர்கள். மனிதர் வெகுகாலம் முறைத்துவிட்டு, மகளின் பிடிவாதத்துக்காக, "சரி, வரச் சொல்லு" என்றார்.

நானும் அப்பாவும் பெண் கேட்டுப் போனோம். பேசி முடித்து இலை போட்டார்கள். எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. பிடிக்காதவர்கள்தான் சாப்பிடாமல் கிளம்புவார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் அப்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் கோமதி நிற்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"ஐயா! உங்கள் செல்வத்தில் வெந்த சோறு இந்த ஏழையின் தொண்டையில் இறங்காது!"

வடையை நோக்கிப் போன என் அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஏலே, என்னலே பேசுற? காலையிலருந்து நான் பட்டினிலே!"

மண்டிக்காரர் முகத்தில் அதுவரை காணாத மலர்ச்சி. "அதுக்கென்ன அப்பு, இஷ்டமில்லேன்னா விட்ருவோம். ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?"

நான் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். படத்தில் இந்த இடத்தில் கதாநாயகி அழுதுகொண்டே பின்னால் ஓடி வருவாள். கோமதி சாம்பார்க் கரண்டியோடு வந்தாள்.

"உக்காரு. திங்கிறியா, இல்ல அப்பா பாத்து வச்சிருக்க இன்னொரு மாப்பிள்ளைக்கு நான் சரின்னு சொல்லவா?"

உட்கார்ந்தேன். மாமனார் மனம் மாறுவதற்குள் சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் கையை நனைத்தேன். கூட்டு, பொரியலையும் வழித்துவிட்டு, விக்கலோடு பாயசமும் குடித்தேன்.

"அம்புட்டு வெஞ்சனமும் காலியாயிருச்சே! பையன் சோத்தையே பாத்ததில்ல போல" என்றார் கோமதியின் சித்தி.

எங்களுக்குக் கல்யாணமாகி, இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்றும் அந்த வீட்டு விசேஷங்களில் பந்தி தொடங்கும் முன் மாமனார் ஊருக்கே கேட்கும்படி கேட்பார்:

"மாப்ளைக்கு எல போடலாமா, இல்ல வசனம் எதுவும் இருக்கா?"

நான் முதல் ஆளாய்ப் பந்தியில் உட்காருகிறேன். சோறு விழுவதற்கு முன்பே இலையில் கையை வைத்துவிடுகிறேன்.