போர்வையை விடாத சின்னவன்

"விடுடா! போர்வைய விட்டுத் தொலைடா!"

கட்டிலின் ஒரு முனையில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மறுமுனையில் சின்னவன், நடுவில் போர்வை. பட்டப்பகலில் நடந்த இந்தப் போரில் வழக்கம்போல் சின்னவனே ஜெயித்தான்.

சின்னவன் என்றால் நாய்தான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மனைவி ஆசை ஆசையாய் வளர்த்த பிள்ளை. அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து டிரைவருக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எழுந்துதான் யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் அவர் பகலில் தலையைச் சாய்த்தால் போதும், சின்னவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். போர்வையை உருவுவான். நாற்காலியில் கிடக்கும் சட்டையைக் கவ்விவந்து அவர் முகத்தில் போடுவான். வாசலுக்கும் கட்டிலுக்குமாய் ஓடுவான்.

"எல்லாம் உங்கம்மா குடுத்த செல்லம்," என்று மகளிடம் போனில் பொருமினார்.

"நல்ல டிரெய்னரா பாருங்கப்பா."

முதலில் வந்தவர் மீசைக்காரர். "நாய்ன்னா ஒரு பயம் இருக்கணும் சார். இழுக்கும்போது இந்த விசிலை ஊதுங்க."

ஊதினார். சின்னவன் அசையவில்லை. தெருநாய்கள் அத்தனையும் வாசலில் ஆஜராகிவிட்டன.

அடுத்தவர் பிஸ்கட்காரர். "அன்பாத்தான் திருத்தணும். போர்வைய விட்டதும் ஒரு பிஸ்கட் குடுங்க."

விட்டால்தானே பிஸ்கட்? விடுவதற்கென்றே இழுக்க ஆரம்பித்தான் சின்னவன்.

மூன்றாமவர், "வெளிய கட்டிப் போடுங்க, தானா அடங்கும்," என்றார். கட்டினார். குரைத்த குரைப்பில் தெருவே திரண்டு வந்தது. டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாய்ப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

"வாங்கண்ணே! உங்க முகத்தப் பாத்தே எத்தன நாளாச்சு," என்று எதிர்வீட்டுக்காரி உட்காரவைத்து டீ கொடுத்தாள். "எனக்குத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க. நாய்ங்கன்னா அவங்களுக்கு உசுரு. நாளைக்கே வரச் சொல்றேன்."

அன்று மாலை மகளிடம் சொன்னார். "இவங்களுக்கும் அடங்கலன்னா யாருக்காவது குடுத்துடப் போறேன்மா."

"அம்மா வளத்ததுப்பா..."

"அதனாலதான்மா என்னால அவனப் பாக்கவே முடியல."

போனை வைத்துவிட்டு அழுதார். மனைவி விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதையும் அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் அந்த அம்மாள் வாசலில் கால் வைத்ததும் சின்னவன் பாய்ந்து போய், சொல்லாமலே உட்கார்ந்து, முன்னங்காலை நீட்டினான்.

"என்னடா, சௌக்கியமா?" என்றாள் அவள். தொழில் மரியாதை போலும் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

"படுத்துக் காட்டுங்க சார்."

படுத்தார். போர்வை போனது. முகத்தில் சட்டை விழுந்தது. சின்னவன் வாசலுக்கும் கட்டிலுக்குமாய் ஓடினான்.

"சபாஷ்!" என்றாள் அவள்.

"என்னம்மா சபாஷ்? இதுக்கா உங்கள வரச் சொன்னேன்?"

"வீட்ல அம்மா இல்லீங்களா?"

டிரைவர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். அவள் அதன் முன் வெகுநேரம் நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"இவனுக்கு இதக் கத்துக்குடுத்ததே நான்தான் சார், 'எனக்கப்புறம் அவரு படுத்தே கெடப்பாரு, எழுப்பி வெளிய இழுத்துட்டுப் போக ஒரு ஆளு வேணும்'னு அம்மாதான் போன வருஷம் கூட்டிட்டு வந்தாங்க."