நிந்தவூர் மதகில் நான் தவராசாவான கதை

கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் மாப்பிள்ளைப் பொடியன் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் சும்மா இருக்கவேண்டும். மற்ற எல்லாவற்றையும் உம்மாவும் மாமிமாரும் பார்த்துக்கொள்வார்கள். உலகத்தில் இதைவிட இலேசான வேலை கிடையாது. என்னால் அதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். என் ஊர் கல்முனைக்குடி. ஆசிரியர் நியமனமும் மீசையும் ஒரே வருடத்தில் வந்திருந்தன (மீசை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்று சிலர் சொன்னார்கள்). நிந்தவூரில் ஒரு போடியார் வீட்டில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நிறைய வயல் வைத்திருப்பவரைப் போடியார் என்போம். உம்மா போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து திருப்தி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பெண்ணின் வாப்பா அகமதுலெவ்வைப் போடியார் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் பெண்ணையும் பார்த்ததில்லை, போடியாரையும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை எனக்கு இருப்பதாக யாரும் நினைக்கவும் இல்லை.

உம்மா ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்க வேணுமெண்டாலும் போ. நிந்தவூர்ப் பக்கம் மட்டும் தலை காட்டிராத."

காரணம் இருந்தது. பேச்சு முடிவாவதற்கு முன்னம் மாப்பிள்ளை பெண்ணுடைய ஊரில் சுற்றித் திரிந்தால், அவசரக்காரன் என்று பேராகிவிடும். எங்கள் தெருவிலேயே ஒருவர் பெண் வீட்டுக்கு எதிர்க் கடையில் ஒரு சோடா குடித்ததற்காகச் சம்பந்தம் முறிந்து, கடைசியில் வேறு ஊரில் போய்க் கலியாணம் முடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தவராசா வந்தான். தவராசா கல்முனைத் தமிழன், கோயிலுக்குப் போகிறவன், என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிப்பவன், என்னைவிட உயரம், என்னைவிட நிறம், என்னைவிட மீசை. அவனுடைய மாமா பழைய மொரிஸ் மைனர் காரை ஒரு சனிக்கிழமைக்கு அவனிடம் விட்டிருந்தார். பொத்துவிலுக்குப் போவோம், கடலில் குளிப்போம், பொழுதுபட முதல் திரும்பிவிடுவோம் என்றான்.

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குக் கடற்கரை றோட்டால் போனால் நிந்தவூருக்கு நடுவால்தான் போகவேண்டும். அதைச் சொன்னேன்.

"கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள நிந்தவூரத் தாண்டிருவன் மச்சான்," என்றான். "நீ பின் சீட்டில படுத்துக்க."

கடலில் குளிக்கப் போகும் உடுப்பில் வெளிக்கிட்டோம். அதாவது தவராசா வெள்ளைச் சேட்டும் கால்சட்டையும் போட்டிருந்தான். நான் ஒரு பழைய சாரனும், கக்கத்தில் கிழிந்த சேட்டும், தலையில் சிவப்புத் துவாயும். துவாய் ஆளை மறைப்பதற்கு. சிவப்புத் துவாய் ஆளை மறைக்காது, தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

காரைதீவுச் சந்தியிலேயே தொடங்கிவிட்டது. வெட்டிய வயல்களில் மேய விடுவதற்காக ஒரு மாட்டுப்பட்டியைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். றோட்டு முழுக்க மாடு. தவராசா ஹோன் அடித்தான். ஒரு மாடு திரும்பி நின்று காரை நன்றாகப் பார்த்தது. பிறகு அதன் முன்னால் படுத்துவிட்டது. அதை எழுப்பிக்கொண்டு போவதற்குள் காலை வெயில் மத்தியான வெயிலுக்குக் கிட்ட வந்துவிட்டது.

நிந்தவூருக்குள் நுழைந்ததும் நான் பின் சீட்டில் படுத்துத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டேன். கார் வேகமாகப் போவதை உணர்ந்தேன். பிறகு மெதுவாகப் போவதை உணர்ந்தேன். பிறகு ஒன்றையும் உணரவில்லை.

"என்னடா?"

"மதகில மெசின் பெட்டி ஒண்டு குந்திற்று."

உழவு மெசின் ஒன்று பின்னால் பூட்டிய பெட்டி நிறைய நெல்மூடைகளோடு வந்து, வாய்க்காலுக்கு மேலான மதகில் ஏறும்போது பெட்டியின் சில்லுக் கழன்று, றோட்டுக்குக் குறுக்கே சாய்ந்துகிடந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு விறகு லொறி ஒட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகேலாது, பின்னாலும் போகேலாது. நான் போகக்கூடாத ஊரின் நட்டநடுவில், கண்ணாடி மூடிய காருக்குள், துவாய்க்கு அடியில் வெந்துகொண்டிருந்தேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பெட்டியைத் தூக்கவேண்டுமென்றால் முதலில் மூடைகளை இறக்கவேண்டும், இளந்தாரிகள் எல்லாம் இறங்கி ஒரு கை பிடியுங்கள் என்று ஒருவர் வாகனம் வாகனமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தவராசா உடனே இறங்கினான். பின்னால் படுத்திருப்பவருக்கு என்ன என்று அவர் கேட்டார். காய்ச்சல் என்றான் தவராசா. காய்ச்சல்காரனை இந்த வெக்கையில் பூட்டி வைத்திருக்கிறாயா என்று அவர் கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்துவிட்டார். வெளியே வந்த பிறகு எனக்குக் காய்ச்சல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனதால், முதுகில் ஒரு மூடையை ஏற்றினார்கள்.

நான் அதுவரை வாழ்க்கையில் சுமந்த பாரமான பொருள் பிள்ளைகளின் கொப்பிக் கட்டுத்தான். மூடையோடு சில அடிகள் போனேன். பிறகு மூடை தனியாகப் போனது. மதகுக் கல்லில் விழுந்து தையல் விட்டு, நெல் முழுக்க றோட்டில் கொட்டியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட எழும்பி நின்று பார்த்தார்கள்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் வந்தார். பருத்த ஆள், வெள்ளைத் தாடி, தோளில் துண்டு. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கொட்டிய நெல்லைப் பார்த்தார், என் சேட்டின் கக்கத்தைப் பார்த்தார், பிறகு மிக அமைதியாகக் கேட்டார்.

"தம்பிட பேரென்ன?"

என் பேரைச் சொன்னால் ஊர் கேட்பார். ஊரைச் சொன்னால் வாப்பாவைக் கேட்பார். பொழுதுபட முதல் அது அகமதுலெவ்வைப் போடியாரின் காதுக்குப் போய்ச்சேரும். ஆகவே வாயில் முதலில் வந்த பேரைச் சொன்னேன்.

"தவராசா."

அவர் பக்கத்தில் நின்ற தவராசாவிடம் திரும்பினார். "உங்கட பேரு?"

ஒரே இடத்தில் இரண்டு தவராசா நிற்பது சந்தேகத்தைக் கிளப்பும் என்று அவன் நினைத்திருக்கிறான். மிச்சம் இருந்தது என் பேர்தான். "றசீது," என்றான்.

"எந்த ஊர்?"

"கல்முனைக்குடி."

"ஆருட மகன்?"

தவராசா கணக்கு வாத்தியார். விடையைப் பாதியில் விடமாட்டான். "இபுறாகிம் ஓவசியர்ர மகன்," என்று என் வாப்பாவை உத்தியோகத்தோடு எடுத்துக் கொடுத்தான்.

பெரியவர் தவராசாவை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பார்த்தது அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகன்," என்றார். "நான்தான் அகமதுலெவ்வை."

கல்முனையில் பிறந்து வளர்ந்த தவராசா, என்னைவிடச் சுத்தமாகப் பதில் ஸலாம் சொன்னான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தவராசா என்னைத் திரும்பிப் பார்த்ததும் அதற்காகத்தான். ஆனால் கால்மாட்டில் நெல் குவிந்துகிடக்க, கிழிந்த சேட்டோடு நின்று, உங்கள் மருமகன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். போடியார் தவராசாவின் கையைப் பிடித்து, றோட்டுக்கு மற்றப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கையில் யாரோ ஒரு விளக்குமாற்றைத் தந்தார்கள்.

நெல்லைக் கூட்டிக்கொண்டே வேலிக்கு மேலால் பார்த்தேன். தவராசா விறாந்தையில் கதிரையில் இருந்தான். தேத்தண்ணி வந்தது. தொதல் வந்தது. யன்னல் திரைச்சேலை அசைந்தது, பிறகு மற்ற யன்னலின் சேலையும் அசைந்தது. எனக்காக உம்மா மாதக்கணக்கில் கட்டியெழுப்பிய மரியாதை முழுவதும் தவராசாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவன் அதற்குப் பொருத்தமாகவும் இருந்தான். அதுதான் பெரிய கவலை.

அறுவடை நாள் என்பதால் அந்த வீட்டில் வேலையாட்களுக்காகச் சோறு வேளைக்கே ஆக்கியிருந்தார்கள். போடியார் நல்ல மனிதர். மூடையை உடைத்தவன் என்று பார்க்காமல் என்னையும் கூப்பிட்டு விறாந்தையில் இருத்தினார். மாட்டிறைச்சிக் கறி மணம் மூக்கைத் துளைத்தது. கறிச்சட்டி எனக்குக் கிட்ட வந்தபோது அவர் கையைக் காட்டி மறித்தார்.

"அந்தத் தம்பி தவராசா. அவருக்கு முட்டையும் பருப்பும் குடுங்க. நம்மட கறியக் குடுத்து மனச நோகப்பண்ணக் கூடா."

அதைவிட நாகரிகமாக ஒரு மனிதரைப் பட்டினி போட முடியாது. என் பங்கும் சேர்த்துத் தவராசாவின் பீங்கானில் விழுந்தது. அவனோ மாட்டிறைச்சியைத் தொடாதவன். கறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வயிறு சரியில்லை என்றான்.

போடியார் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "எவ்வளவு காலமா?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தவராசா யோசித்து, நம்பும்படியாக இருக்கட்டும் என்று, "சின்னனிலிருந்தே இப்படித்தான்," என்றான்.

திரைச்சேலைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சுக் கேட்டது. பிறகு பல பேர் மெல்லக் கதைப்பது கேட்டது. பிறகு குசினிப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. ஓவசியரின் மகனுக்குப் பிறவி வயிற்று வருத்தம் என்ற செய்தி அடுப்படி வரைக்கும் போய்விட்டதை விளங்கிக்கொண்டேன்.

இனிமேல் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்று நினைத்தபோதுதான் பள்ளிவாசலில் மத்தியான லுஹர்த் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். போடியார் கை கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு புதுத் தொப்பியைக் கொண்டுவந்து தவராசாவிடம் நீட்டினார். "எழும்புங்க மகன், பள்ளிக்குப் போவம்."

தவராசா தொப்பியை இரண்டு கையாலும் வாங்கினான். மடியில் வைத்துக்கொண்டான். நண்பனுக்காகப் பேரை மாற்றினான், பரம்பரையை மாற்றினான், இல்லாத வருத்தத்தையும் ஏற்றுக்கொண்டான். இதற்குமேல் அவன் எனக்காகச் செய்ய ஒன்றும் இல்லை. நான் எழும்பி நின்றேன்.

"மாமா, அவர் தவராசா. நான்தான் றசீது."

போடியார் என்னைப் பார்த்தார். "அப்ப மூடைய உடைச்ச?"

"நான்தான்."

"முட்டை தின்ட?"

"அதுவும் நான்தான்."

"வயித்து வருத்தம்?"

"அது ஆருக்கும் இல்ல மாமா."

அவர் தவராசாவின் மடியிலிருந்து தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். தொப்பி பெரிது, காது வரை இறங்கியது. "நேரம் போகுது, நடங்க," என்றார். தொழுகையில் என் பக்கத்தில்தான் நின்றார். தொழுது முடித்து ஸலாம் கொடுத்த பிறகு என் பக்கம் திரும்பி, மூடை தூக்கத் தெரியாது, வேறு என்ன தெரியும் என்று கேட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பேன் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார்.

வெளியே ஊரே ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கி, சில்லைப் பூட்டி, மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆனால் ஒரு வாகனமும் அசையவில்லை. றோட்டை இப்போது மறித்துக்கொண்டு நின்றது எங்கள் மொரிஸ் மைனர். கார்த் திறப்பு தவராசாவின் சட்டைப்பைக்குள், தவராசா போடியாரின் வீட்டுக்குள். பஸ் சாரதி காருக்குள்ளே எட்டிப் பார்த்து, சாரதியைத் தேடி, எங்கள் மூன்று தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். விறாந்தையில் நடந்த விசாரணை குசினிக்குக் கேட்டிருக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்ற மாமி, அதாவது பெண்ணின் உம்மா, வருங்கால மருமகனின் வயிற்றுக்கென்று காய்ச்சிய கசாயத்தைக் கோப்பை கோப்பையாக நீட்டிக்கொண்டிருந்தார். தவராசா மறுக்கத் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தான். கண்ணால் தண்ணீர் ஓடியது. "நல்ல புள்ள," என்று மாமி உள்ளே யாரிடமோ சொல்வது என் காதில் விழுந்தது.

பொத்துவிலுக்குப் போகவில்லை. காரை வந்த வழியே திருப்பினோம். ஆனால் கசாயத்துக்காக இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது, எங்களை முந்திக்கொண்டு அந்த பஸ் கல்முனைக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது, மகன் நிந்தவூரில் மூடை தூக்குகிறான், பேரை மாற்றிவிட்டான், குணமாகாத வருத்தம் வேறு என்று உம்மாவுக்குச் செய்தி வந்திருந்தது. உம்மா ஏசவில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை போடியார் வரமாட்டார் என்று முடிவெடுத்து நாங்கள் ஒன்றும் ஆக்காமல் இருந்தோம். அவர் வந்தார். பேர் மாற்றிச் சொன்னவன்தான், ஆனாலும் தொழுகை என்று வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டான், அது போதும் என்று வாப்பாவிடம் சொன்னார். பெண்ணிடமும் அந்தச் சனிக்கிழமையே கேட்டாகிவிட்டதாம், அவளும் சம்மதித்து ஓம் என்று சொன்னாளாம்.

கலியாணம் நடந்து, பிள்ளைகளும் பிறந்து, ஒரு நாள் சும்மா கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த "ஓம்" எப்போது சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியவந்தது. மாமி மகளை யன்னலுக்குக் கூட்டிவந்து, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்ட நேரம், தவராசா கதிரையில் இருந்து தொதல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் றோட்டில் நெல் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ யாரைப் பார்த்து ஓம் சொன்னாய் என்று. தவராசா ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான். பிள்ளைகள் அவனை "முதலாவது மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் முன்னாலேயே கேட்டுப் பார்த்திருக்கிறேன். என் மனைவி அவனைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அவள் பதில் இதுவரை மாறவில்லை.

"அண்டைக்கு நீங்க ஆரெண்டு நீங்களே சரியாச் சொல்லல்ல. என்னட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"