அடுத்த ரூம் சார்

வாசகரே, நீங்கள் ஒரு வேலையாக உள்ளே நுழைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, தோளில் அன்பாகக் கைபோட்டு, வாசல்வரை கூடவே வந்து, "அதோ அந்தக் கதவு" என்று விரல் நீட்டி அனுப்பிவைக்கிறாரே, அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலையைத் தட்டிக்கழிக்க அவர் படும் பாட்டில் இரண்டு வேலையை முடித்துவிடலாம். இந்த ரகம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நான் பார்த்தவர், பூமியைச் சூடாக்கும் வாயுவை நாடு ஆண்டுக்கு எவ்வளவு வெளியே விடுகிறது என்று கணக்கெடுக்கும் துறையில், இரண்டாவது மாடியில், விவசாயப் பிரிவின் தலைவர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் அடுத்த ரூம் சார்.

அவர் மேஜைக்கு வரும் எந்த வாயுவும் அங்கே தங்கியதில்லை. டிராக்டர் குடித்த டீசலை எரிபொருள் பிரிவுக்கும், உரத் தொழிற்சாலையின் புகையைத் தொழில் பிரிவுக்கும், பண்ணையில் அழுகிய காய்கறியைக் குப்பைப் பிரிவுக்கும் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். அதெல்லாம் விதிப்படி சரிதான். ஆனால் மாடு ஏப்பத்தோடு விடும் வாயு? அது அவருடையதேதான், தப்ப வழியே இல்லை. இருந்தாலும் விடுவாரா? லாரியில் சந்தைக்குப் போகிற மாடு வழியில் ஏப்பம் விட்டால் அது போக்குவரத்துப் பிரிவில் சேராதா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அது மூன்று மாடி ஏறி இறங்கி, நான்கு முத்திரை வாங்கிக்கொண்டு, அவரிடமே வந்து சேர்ந்தது.

வீட்டிலும் இதே கதைதான். "தொட்டி நிரம்பி வழியுதுங்க, மோட்டாரை நிறுத்துங்க" என்று மனைவி கத்தினால், "சுவிட்ச் சமையலறையிலதானே இருக்கு?" என்பார்.

ஒரே வாயுவை இரண்டு பிரிவுகள் எழுதிவிடக் கூடாது. எழுதினால் நாட்டின் கணக்கே பொய்யாகிவிடும். அந்தத் துறையின் தலையாய விதி இது. நம்மவர் அதை உயிருக்கு உயிராக மதித்தார். எந்த அளவுக்கு என்றால், இரண்டு தடவை எழுதிவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு தடவைகூட எழுதாமல் விட்டார். அவருடைய பிரிவின் எண் ஐந்து ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, அந்த ஆண்டின் கணக்கு அறிக்கையை அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று காலையில் குடை சாய்ந்தது. வந்து நின்றது அவருடைய சொந்த அக்கா.

அக்கா வீட்டுக்குப் பின்னால் பெரிய சதுப்பு நிலம் இருந்தது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு அதில் கிழங்கு போட்டார்கள். தண்ணீர் வடிந்த கரிய மண் காய்ந்து, வெயில் காலத்தில் அடியிலேயே கனன்று, வாயுவும் புகையுமாகக் கிளம்பியது. அக்காவின் எட்டு வயது மகள் இருமி இருமித் துவண்டு போனாள். வாய்க்காலை அடைத்து மண்ணை மறுபடி நனைக்க அரசாங்கத்தில் திட்டம் இருந்தது. ஆனால் அறிக்கையில் இருக்கும் நிலத்துக்கு மட்டும்தான். இந்த நிலம் அறிக்கையில் இல்லை.

"டேய் தம்பி, நீதானேடா இந்தக் கணக்கை எழுதறே?"

"அக்கா, சதுப்பு நிலம்னா அது நிலப் பிரிவு. அதோ, எதிர் ரூம்."

எதிர் அறையில் நிலப் பிரிவின் தலைவி அம்மாள். இந்த ரகத்தில் பெண்பால் இல்லை என்று யார் சொன்னது? "கிழங்கு போட்டாச்சுல்ல? அப்ப அது விவசாயம். எதிர் ரூம்ல கேளுங்கம்மா."

அக்கா மூன்று தடவை போய்வந்தாள். நான்காவது தடவை போகவில்லை. தம்பியின் அறையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, இரண்டு கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் அவங்கவங்க தாளை எடுத்துக்கிட்டு இங்க வாங்க."

வந்தார்கள். அக்காவின் மடியில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்தன. இவர் தாளில் அந்த நிலம் இல்லை. அம்மாள் தாளிலும் இல்லை. ஐந்து ஆண்டுகளாகவே இல்லை.

"மேடம், நீங்க எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க எழுதியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன், சார்."

"ரெட்டையா எழுதக் கூடாதுன்னா சரி," என்றாள் அக்கா. "ஒத்தையாவாவது எழுதித் தொலைங்களேன். புள்ள ராத்திரியெல்லாம் இருமுது."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா மகளைப் பிறந்த அன்றே கையில் வாங்கியவர் அவர். இருவரும் அந்த நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் தாளை வைத்து, பயிர் அவருக்கு, மண் அம்மாளுக்கு என்று பிரித்து எழுதினார்கள். எழுதிய மாத்திரத்தில் நாட்டின் எண் துள்ளிக் குதித்தது. கூடவே மேல்மாடி இயக்குநரும் குதித்துக்கொண்டு இறங்கிவந்தார்.

"அஞ்சு வருஷமா குறைஞ்சிட்டு வந்த எண் ஒரே நாள்ல எப்படி ஏறிச்சு? யார் பண்ணின தப்பு இது?"

எல்லாக் கதவிலும் தலைகள் முளைத்தன. பழக்க தோஷம், அவர் விரல் தானாக எழுந்தது. பாதி வழியில் அக்கா முகத்தைப் பார்த்தது. தயங்கித் திரும்பி, அவர் நெஞ்சிலேயே வந்து நின்றது.

"நான்தான் சார்," என்றார். ஐந்து விநாடி கழித்து, "மேடமும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பாராட்டுப் பத்திரம் சுவரிலிருந்து இறங்கியது. அடுத்த மழைக்கு முன் வாய்க்காலை அடைத்தார்கள். மண் நனைந்தது. அக்காவின் மகள் இப்போது இருமுவதில்லை. சத்தம் போட்டுப் பாட்டுப் பாடி வீட்டைக் கலக்குகிறாள்.

வாசகரே, இதைப் படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்குமே? மைத்துனரோ, மேலதிகாரியோ, கூடப் பிறந்தவரோ, 'இதை அவர் அல்லவா படிக்க வேண்டும்' என்று தோன்றியிருக்குமே? அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றுகூட நினைத்தீர்களா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் விரல் எந்தக் கதவைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.