ஏழாம் எண் ஆற்றுக்குச் சொந்தம் யார்?

ஏழாம் எண் ஆறு எந்தக் கூட்டத்திலும் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பொறியாளர் காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆற்றில் நீர்மட்டம் பார்க்க அலுவலகம் என்றைக்குமே ஆள் போட்டதில்லை. அளக்காத ஆறென்றால், அதே சாயலில் உள்ள அளந்த ஆறுகளைத் திரட்டி, அவற்றின் வெள்ளத்தை வைத்து இதன் வெள்ளத்தை ஊகிக்க வேண்டும். மாலை ஐந்துக்குள் கணக்குப் போனால்தான் புதுப் பாலத்தின் உயரம் முடிவாகும். பழைய பாலமும் இவர் கணக்குதான். ஒரே மழையில் போய்விட்டது. அக்கரையில் தங்கை குடும்பம்.

முதலில் பரப்பளவு ஒத்த ஆறுகளைச் சேர்த்தார். பாலம் இடுப்பளவுக்கு வந்தது. தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அண்ணே, போன வருஷம் தண்ணி எங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு. இடுப்பளவுல பாலம் கட்டி, என்னை நீச்சல் பழகச் சொல்றியா?"

சரிவு ஒத்த ஆறுகளைச் சேர்த்தார். பாலம் மூன்று மாடி உயரத்துக்குக் கிளம்பியது.

"இதுல ஏற லிஃப்ட் யாரு வைப்பா?" என்றார் மேலதிகாரி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பரப்பு, சரிவு, மண், மழை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சலித்தார். ஒரே ஓர் ஆறு தேறியது. மூன்றாம் எண், அச்சு அசல் இரட்டைப் பிள்ளை. அதற்கு இருபது வருட அளவுகள் வேறு இருந்தன. போன உயிர் திரும்பியது. பதிவேட்டைப் புரட்டியதும் மறுபடி போனது. அங்கே மழை கொட்டிய நாட்களில் நீர்மட்டம் அசையவே இல்லை. சொட்டு மழை இல்லாத நாட்களில் வெள்ளம்.

கிறுக்குப் பிடித்த ஆறு என்று அதையும் பட்டியலிலிருந்து அடித்தார். மிச்சம் ஒன்றுமில்லை.

"உங்க ஆத்துக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. நீங்க லீவுல போங்க, வேற யாராவது பாக்கட்டும்" என்றார் மேலதிகாரி.

மணி நாலரை. விடுப்புக் கடிதம் எழுதத் தாளை எடுத்தபோது, மூன்றாம் எண் ஆற்றில் நீர்மட்டம் பார்ப்பவர், மாதப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்து நின்றார்.

"ஏய்யா, மழையே இல்லாம உன் ஆத்துல மட்டும் எப்படிய்யா வெள்ளம் வருது?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்த ஆத்துக்குப் போக ரெண்டு பஸ் மாறணும் சார். எல்லா ஆறும் ஒண்ணுதானேன்னு, உங்க தங்கச்சி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, எங்க வீட்டுக்குப் பின்னால ஓடுற ஆத்துலயே அளவுகோலை நட்டு, இருபது வருஷமா ஒரு நாள் விடாம எழுதிட்டு வரேன்."